மேடை உயரம்

கிருஷ்ணகிரியில் குடியிருந்துகொண்டு
கிரானைட் வேண்டாம் என்பவளைப்
பாவமாகத்தான் பார்த்தார்கள்.

அதிலும் நான் வேலை பார்ப்பதே
பர்கூர் ரோட்டில் ஒரு கிரானைட் கம்பெனியில்.
எத்தனை பலகை, எத்தனை டன், எந்தத் துறைமுகம்:
பதினாறு வருடமாக என் கையெழுத்தில்தான்
கறுப்புக் கல் கப்பல் ஏறுகிறது.
“ஸ்டாஃப் ரேட்டுக்கே தர்றோம் மேடம்,
ஓரத்தை உருட்டியும் தர்றோம்” என்றார் சூப்பர்வைசர்.
பிரியாணிக் கடை வைத்திருப்பவன்
வீட்டில் பழையது கேட்கிற மாதிரி என்றார் குணசீலன்.
கணவர். சரியாகத்தான் சொன்னார்.

வீடு ஐம்பத்தெட்டில் கட்டியது.
அணை வேலைக்கு வந்த ஓவர்சியர் ஒருவர்
வேலை முடிந்தும் ஊர் திரும்பாமல் கட்டினாராம்.
பத்திரத்தில் இல்லை இது.
தபால்காரர் சொன்னது.

நாங்கள் வாங்கியபோது அடுப்படிச் சுவரில்
தொண்ணூறுகளின் திராட்சைக் குலை,
பக்கத்தில் ஆப்பிள்,
மறுபடியும் திராட்சைக் குலை.
மாம்பழ ஊரில்
ஒரு டைல்ஸிலும் மாம்பழம் இல்லை.

மாதேஷ் உளியை வைத்தார்.
மூன்றாவது அடியில் ஓர் ஆப்பிள் விழுந்தது.
அதன் பின்னால்
பச்சைக் கரை போட்ட வெள்ளை ஓடு ஒன்று
கண் கூசி எங்களைப் பார்த்தது.
கீழே, பளபளப்புப் பலகைக்கு அடியில்
மொசைக் மேடையின் ஒரு விளிம்பு:
சாம்பல் தரையில் கடுகு இறைந்ததுபோல் கறுப்புச் சில்லு,
நடுநடுவே மிளகாய்க் கிள்ளலாகச் சிவப்பு.

“இதையே போடணும் மாதேஷ்.”
“எனக்கு வயசே முப்பத்திரண்டுக்கா.
பரவால்ல, போன்ல பாத்துப் போட்டுருவேன்.”
பிஸ்கட் டின் மூடிகளில் மூன்று மாதிரி ஊற்றினார்.
முதலாவது ரவா உப்புமா.
இரண்டாவது, வேண்டாம், சொல்லவில்லை.
மூன்றாவதைக் கல்லால் தேய்த்துத்
தண்ணீர் தெளித்ததும்
இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஓட்டுக்கு அலைந்தேன்.
தர்மபுரியில் இடித்த லாட்ஜ் ஒன்றின் சுவர்
சையத் பாஷாவின் பழைய சாமான் கொட்டகையில்
சாக்குச் சாக்காகக் கிடந்தது.
அதே வெள்ளை, அதே பச்சைக் கரை.
“லாட்ஜ் பாத்ரூம் ஓட்டையா சாம்பார் பக்கத்துல?”
குணசீலன் ஒரு வாரம் இதையே கேட்டார்.
சோடா உப்பில் மூன்று நாள் ஊறவைத்தேன்.
எண்ணிப் பார்த்தால் பதினொன்று குறைந்தது.

பதினொன்று!
அதே பச்சை எந்தக் கடையிலும் இல்லை.
கறிவேப்பிலைப் பச்சை இருந்தது, பாசிப் பச்சை இருந்தது.

இந்தக் கவலையோடுதான்
பழைய அடையாளத்தில் மாதேஷ் நூல் பிடித்த அன்று
காலி வாணலியோடு போய் நின்றேன்.
தரையிலிருந்து இருபத்தேழு அங்குலம்.
கரண்டியைப் போட்டுக் கிண்டுவதுபோல் கிண்டினேன்.
இரண்டு நிமிடம்.
இடுப்பு எனக்கு ஒரு செய்தி சொன்னது.

இந்த உயரத்தை அளந்தவர்
அணைக்கு அளக்கத் தெரிந்தவர்.
இங்கே நின்று ஒரு நாளும்
வெங்காயம் வதக்காதவர்.
வதக்கியவளின் பெயர்
தபால்காரருக்கும் தெரியவில்லை.

“நிறம் இருக்கட்டும், கரை இருக்கட்டும்.
உயரத்தை மட்டும் ஏழு அங்குலம் தூக்குங்க.”
“அப்போ பழைய மாதிரி ஆகாதேக்கா?”
“ஆகாது.”

மேடை ஏறியது.
ஜன்னலுக்குக் கீழே சுவர் ஒரு வரிசை குறைந்தது.
வரிசைக்கு இருபது ஓடு.
பதினொன்று இல்லாதவள்
ஒன்பது மிச்சத்தோடு நின்றேன்.
கணக்கு எழுதுகிறவள், எனக்கே
இது முன்னால் தோன்றவில்லை.

இப்போது நான் நிமிர்ந்து நின்று தோசை ஊற்றுகிறேன்.
குணசீலன் ஆறடி.
சப்பாத்தி தேய்க்கிற முறை வரும்போது
குனிந்து முனகுகிறார்.
கேட்டால்,
அந்தக் காலத்து உயரம், அப்படித்தான் இருக்கும்
என்கிறேன்.